செய்தி வராத பாதம்

பெண்களுக்கான பயான் முடிந்ததும் சகோதரிகள் கேட்கும் கேள்விகளில் மார்க்கத்தோடு மருத்துவமும் கலந்தே வரும். "சீனி வருத்தம் பத்து வருஷமா இருக்கு மௌலவி. ஆனா காலில ஒரு நோவும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்பார் ஒரு தாய். அல்லாஹ்வைப் புகழ்வது நல்லதுதான். ஆனாலும் நான் திருப்பி ஒன்று கேட்பதுண்டு: "முள் குத்தினால் நோகிறதா உம்மா?" பலர் பதில் சொல்லாமல் யோசிக்கத் தொடங்கி விடுகிறார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவர் டொக்டர் அல்லர். அளவெட்டியில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு தோட்டக்காரர். என் வாப்பா அவரிடம் வெங்காயம் வாங்கி வியாபாரம் செய்தவர். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அந்தத் தொடர்பு அறுந்தது. யுத்தம் முடிந்து, 2010 இல் நான் அவரைத் தேடிச் சென்றேன். செம்மண் தோட்டமும் கிணறும் இருந்தன. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்த மண்ணில் காலிழந்தவரைக் கண்டால் மிதிவெடியா, ஷெல்லா என்றுதான் மனம் கேட்கும். என் பார்வையைப் புரிந்துகொண்டு அவரே சொன்னார்: "ஷெல்லடிக்குத் தப்பின கால் தம்பி, சலரோகத்துக்குத் தப்பேல்லை."

செருப்பின் அடியில் ஏறிய ஓர் ஆணி உள்ளங்காலில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனிதர் அந்தச் செருப்போடு இரண்டு நாள் தோட்டத்தில் நடந்திருக்கிறார். நோகவில்லை. நாற்றம் வந்த பிறகு அவருடைய மனைவிதான் கண்டுபிடித்தார். முதலில் ஒரு விரல் போனது, பின்பு கால்.

ஆணி குத்தியும் ஏன் நோகவில்லை? அதை அறிய நரம்பு எப்படிப்பட்ட படைப்பு என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் பேச்சில் நரம்பு என்றால் எல்லாமும்தான். கையில் நீலமாய்த் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், தசை இழுத்தாலும் நரம்பு இழுக்கிறது என்கிறோம். அரபியில் அஸப் என்பார்கள். கட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். வாரிசுரிமைச் சட்டத்தில் நாங்கள் ஓதும் 'அஸபா' உறவினரும் அதே வேரைச் சேர்ந்தவர்களே. உடலைக் கட்டி வைத்திருப்பது நரம்பு என்பது பொருத்தமான பெயர்தான். அளவெட்டிக்குத் தெற்கே மானிப்பாயில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அத்தனை காலத்துக்கு முன்பே தமிழில் வந்த அறிவு இன்னும் நம் குசினி வரை வந்து சேரவில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

மூளையும், முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணும் தலைமைப் பணிமனை. மூளையில் மட்டும் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் இருபக்கமும் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. ஒரு நரம்பு என்பது ஒற்றைக் கம்பி அல்ல. ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்களின் கட்டு. ஒவ்வொரு நாரும் ஒரு கலத்தின் நீண்ட கை. பெருவிரல் நுனியின் செய்தியைக் கொண்டு வரும் கலத்தின் உடல் இடுப்புக்கருகே முள்ளந்தண்டின் ஓரத்தில் இருக்கிறது. அதன் கையோ ஏறக்குறைய ஒரு மீற்றர் நீண்டு விரல்வரை போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்துக்கு இத்தனை நீளமான கை! ஸுப்ஹானல்லாஹ்.

அந்த நீளமே சீனி வருத்தத்தில் ஆபத்தாகிறது. நாருக்கு வேண்டிய பொருட்களில் பெரும்பாலானவை இடுப்பிலுள்ள கலவுடலில் உண்டாகிக் கீழே போக வேண்டும். மிக விரைவாகச் செல்பவைகூட ஒரு நாளில் 40 சென்ரிமீற்றர் அளவே செல்லும். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடியிருந்தால் நாரும், அதைப் போர்த்தியிருக்கும் சுவான் கலங்களும், அவற்றுக்கு உணவூட்டும் மயிரிழை போன்ற குழாய்களும் கெடுகின்றன. எது நீளமோ அது முதலில் வாடும். ஆகவே முதலில் விரல்கள், பிறகு பாதம். மரத்துப்போதல் முழங்கால் அளவுக்கு ஏறும்போது கைவிரல் நுனிகளிலும் தொடங்கும். வியர்வையை நடத்தும் நரம்புகளும் வாடுவதால் பாதம் வரண்டு குதிக்கால் வெடிக்கும். அந்த வெடிப்பு கிருமிக்கு வாசல்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வெட்டிய காலின் பெருவிரல் இரவில் கடிக்கிறதாம், சில நேரம் எரிகிறதாம். வீட்டார் பேய் பிசாசு என்று பயந்திருக்கிறார்கள். நம்மவர்களாக இருந்தால் ஜின் என்று தாயத்துக்கு ஓடியிருப்போம். கால் போனாலும் காலுக்குரிய இடம் மூளையில் அழிவதில்லை. அது பழைய முகவரிக்குச் செய்தி வந்ததாகவே எண்ணுகிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கால் அசைவதாக மூளையை நம்பவைத்து வலி குறைக்கும் வழியொன்றைக் கண்டார். இருந்தபோது ஆணி குத்தியும் சொல்லாத கால், இல்லாதபோது இரவெல்லாம் பேசுகிறது.

வாடிய நரம்பைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. சீனியைக் கட்டுப்படுத்தி இருப்பதைக் காக்கலாம். நரம்பு செய்யாத காவலை அதன்பின் கண்தான் செய்ய வேண்டும். சகோதரிகளே, இங்குதான் வுளூவை நினைக்கிறேன். பாதத்தைக் கணுக்கால் வரை கழுவி, இடக்கைச் சின்ன விரலால் கால் விரலிடுக்குகளைக் கோதுகிறோம். அந்த நேரத்தில் ஒரு தடவையாவது வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஈரம் கசிதல் எது கண்டாலும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். கழுவிய பின் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி விடுங்கள். பஜ்ருக்குச் சுடுநீர் எடுப்பவர்கள் காலை வைத்துச் சூடு பார்க்க வேண்டாம். பிள்ளை ஒன்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹஜ்ஜில் செருப்பைத் தொலைத்து, சுடும் தரையில் நடந்து, வெந்தது தெரியாமலே உள்ளங்கால் புண்ணானவர்களும் உண்டு.

வீட்டுப் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கணவனின் காலைக் கழுவிக் கட்டுப் போடுவார்கள். தம் காலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வெறுங்காலோடு முற்றம் கூட்டுவார்கள். குனிந்து பார்க்க முடியாத வயதென்றால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைக் காட்டிப் பாருங்கள், அல்லது மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புண் வந்த பிறகும், "வுளூ கூடாதே" என்று ஐந்து வேளையும் அதை நனைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தண்ணீர் படக்கூடாது என்று டொக்டர் சொன்னால், நல்ல பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்யுங்கள். நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம் அது. விவரம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் மௌலவியிடம் கேளுங்கள். கட்டை அவிழ்த்துக் காட்டிக் கேட்க வேண்டியதில்லை.