உபயம்: இன்னார் குடும்பத்தினர்

கோயில் டியூப் லைட்டைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு. உபயதாரர் பெயர் போக மீதி இடம் இருந்தால்தான் வெளிச்சம் வருமாம்! டியூப் லைட் போய் எல்.இ.டி. விளக்கு வந்தாயிற்று, எழுத்து மட்டும் போகவில்லை. மின்விசிறியில், மணியில், படிக்கட்டில், எங்கே பார்த்தாலும் ‘உபயம்: இன்னார் குடும்பத்தினர்.’ நாமும் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுத்த திருவிழாவுக்கு வீட்டுக்காரர் பெயரில் ரசீதும் வாங்கிக்கொள்கிறோம்.

இது நம் ஊர்ப் பைத்தியம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பு, இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரத்துச் செல்வர்கள் இந்த விஷயத்தில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். மாதா கோயில் பீடத்துக்கு அவர்கள் படம் எழுதி வைத்தால், பெயரைப் பொறிப்பதோடு திருப்தி அடையவில்லை. குடும்பத்தோடு படத்துக்குள்ளேயே புகுந்து முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்!

படம் என்றால் கதவு போல மடிக்கிற மூன்று பலகைகள். நடுப் பலகையில் தெய்வமும் புனிதர்களும். ஒரு பக்கத்துப் பலகையில் அப்பாவும் பிள்ளைகளும். மறு பக்கத்தில் அம்மாவும் பெண்களும். நம் கல்யாணப் பந்தியேதான்! ஹான்ஸ் மெம்லிங் என்ற ஓவியர் 1484-ல் வில்லெம் மோரேல் என்பவருக்கு எழுதிய படத்தில், அவர் பின்னால் ஐந்து பிள்ளைகள். மனைவி பார்பராவின் பின்னால் பதினொரு பெண்கள்! பதினொரு பெண்ணைப் பெற்றவளின் முகத்தில் கவலை தெரிகிறதா என்று நான் உற்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. பெண்களில் சிலரைப் பிற்பாடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது போல.

இன்னொருத்தி மரியா. 1470-ல் அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது வயது பதினாலோ பதினைந்தோதான். கணவர் டொமாஸோ போர்ட்டினாரிக்கு அவளைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மெடிச்சி பாங்கியின் புரூஜ் கிளைக்கு அவர்தான் நிர்வாகி. சுமார் 1475-ல் ஹியூகோ வான் டெர் கூஸ் எழுதிய படம், 1483-ல் கப்பலேறி இத்தாலியிலுள்ள ஃபிளாரன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அங்கே உஃபிஸி காட்சிசாலையில் இருக்கிறது. பின்னால் நிற்கிற புனிதர்கள் பனைமரமாக உயர்ந்திருக்க, மரியாவும் மகள் மார்கரீட்டாவும் அவர்கள் காலடியில் சிறு பொம்மைகளாக இருக்கிறார்கள். தெய்வ சந்நிதியில் பணக்காரி என்ன, ஏழை என்ன என்ற அடக்கம்! ஆனால் உடையையும் நகையையும் மட்டும் ஓவியர் ஒரு இழை விடாமல் எழுதியிருக்கிறார். பணம் டொமாஸோவுடையது. முகம் மரியாவுடையதும்தான். அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் அவள் பெயரை நான் உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

நம் நாட்டில் இப்படி உண்டா? பேஷாக உண்டு; இன்னும் ஐந்நூறு வருஷம் முன்னாலேயே உண்டு. மயிலாடுதுறைப் பக்கம் கோனேரிராஜபுரம் என்று ஓர் ஊர். பெரிய நடராஜரைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அங்கே தெற்குச் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கண்டராதித்த சோழர் சிவலிங்கத்தை வணங்குகிற சிற்பம் இருக்கிறது. செய்து வைத்தவர் அவர் மனைவி செம்பியன் மாதேவியார். புருஷன் போன பிறகு, மகன் உத்தம சோழன் ஆண்ட காலத்தில் கணவர் பெயரால் அந்தக் கற்றளியை எடுப்பித்தார். சிற்பத்தின் கீழே, கோயில் கட்டியது யார் என்று அவர் பெயரோடேயே எழுத்து வெட்டியிருக்கிறது. வேலையை முன்நின்று நடத்திய சாத்தன் குணபட்டனையும் அதே கோயிலில் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். உழைத்தவனை மறக்காத மனசு!

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தான் கொடுத்ததோடு தன் அக்கா கொடுத்ததையும் மனைவியர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். அந்த அக்கா குந்தவையார், தம் தகப்பனாருக்கும் தாயாருக்கும் அங்கே படிமம் எடுத்து வைத்தார். திருமலையில் கிருஷ்ணதேவராயர் இரண்டு பக்கமும் ராணிகளோடு கைகூப்பி நிற்கிறார். திருமலாதேவி, சின்னாதேவி என்று ராணிகளின் பெயரும் பொறித்திருக்கிறது. மதுரைப் புது மண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்கள் தேவியரோடு நிற்கிறார்கள். வளையலும் ரவிக்கைத் துணியும் வாங்கப் போன காலத்தில் நம்மில் எத்தனை பேர் அவர்களை நிமிர்ந்து பார்த்தோம்? திருமலை நாயக்கரைத் தெரியும். பக்கத்தில் நிற்கிற தேவியின் பெயரைக் கேட்டால் விழிப்போம்.

ராணிகளை விடுங்கள். எங்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். என் மாமியார் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். அட்டைக் கடியும் பனிக்காற்றும் போக மிச்சம் பிடித்த கூலியில் சீட்டுக் கட்டி, சீட்டை எடுத்து, கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கொடுத்தார். வாங்கிவரப் போனவர்கள் அவரைக் கேட்கவில்லை. வழக்கப்படி பொறித்து வந்துவிட்டார்கள். ‘உபயம்: அமரர்’ என்று என் மாமனார் பெயர், அப்புறம் ‘குடும்பத்தினர்.’ மாமியாருக்கு எழுத்து தெரியாது. “ஏம்மா, என் பேரு எங்கே இருக்குது? காட்டு” என்றார். ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் விரலைப் பிடித்து ‘குடும்பத்தினர்’ என்பதன் மேல் வைத்தேன். “இதுதான் அத்தை.” அவர் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். “என் பேரு இவ்வளவு நீளமா?” என்றார். நம்பினாரா, எனக்காக நம்பினாற்போல இருந்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இதை எழுதப் போகிறேன் என்றதும், “பத்திரிகையிலே பேரைப் போட்டுடாதே” என்று உத்தரவு. மணியில் வேண்டுமாம், பத்திரிகையில் வேண்டாமாம்!

இதே மலையில் மேலூர், சோலூர் பக்கங்களில் சிற்பம் செதுக்கிய பழைய கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கல்லில் ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாக உருவங்கள். அங்கே கதை தலைகீழ்: உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. இவற்றையெல்லாம் தேடிப் பார்த்து எழுதியவர் நீலகிரியின் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். ஊட்டியில் அவர் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1872-ல் அவர் காலமாகிவிட்டார். அரைகுறையாக நின்ற காகிதங்களை ஒழுங்கு செய்து, மறு வருஷமே லண்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தது அவர் மனைவி. இன்றைக்கும் நீலகிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் எழுத முடியாது. அதன் முகப்பைப் புரட்டினால், பதிப்பித்தவர் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் இல்லை; ‘அவருடைய விதவை’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. சென்னை கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் மகள் அவர். பெயர் சூசன்.