இறக்கத்திற்கு முன்பாக



இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, தார்ச்சாலை முடிந்து மலையடிவாரத் தோப்புகளுக்குச் செல்லும் பாதைகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் உரமூட்டைகளையும் வேலையாட்களையும் சுமந்து செல்லும் பழைய ஜீப்புகள் நம்மில் சிலருக்கு உண்டு. இம்மலைச்சரிவு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தி சாய்ந்தபின் யானைகள் தோப்புகளுக்கு இறங்கி வருவதுண்டு. அங்கே வண்டி நின்றுபோவது வெறும் தாமதமல்ல. ஆகையால் இவ்வாரம் ஜீப்பின் பராமரிப்பைக் குறித்துச் சிந்திப்போம்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், சமதரையில் நிறுத்தி ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் நிற்கவேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதிருங்கள். கோடைப் புழுதி ஏர் பில்டரை அடைத்துவிட்டால் கரும்புகை எழும்பும், இழுவை குறையும். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று அறியுங்கள். சூடேறிய பின்பும் வெண்புகை ஓயாவிட்டால், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பாருங்கள்.

மழைக்காலத்தில் ஓடையைக் கடந்தவுடன், மெதுவாகச் சென்றபடியே பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள். கிரவுன் பெட்டியின் எண்ணெய் பால்நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்துவிட்டது. அதை மாற்றியே ஆகவேண்டும். நான்கு சக்கர இழுவையை மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் இணைத்து ஓட்டுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் இணைக்காதிருங்கள். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டியிருப்பதால், பழைய ஜீப்புகளில் பல்சக்கரங்கள் முறுக்குண்டு தேயும்.

எல்லாவற்றிலும் அதிகமாய் மறக்கப்படுவது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுகிறது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் தாங்கும். ஈரம் ஏறியபின் இந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் வெப்பம் ஏறி, எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவி நிரம்பும். அப்பொழுது பெடல் தரைவரை அமுங்கும், வண்டியோ நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுங்கள். இறக்கத்தில் கீழ்க்கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் அன்று பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

வண்டி கிளம்பவில்லையானால் எளியதிலிருந்து தொடங்குங்கள். சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஓசை மாத்திரம் கேட்டால் முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். பூத்திருக்கும் வெண்பொடியைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பலமுறை சரியாகிவிடும். எஞ்சின் சுழன்றும் பற்றாவிட்டால் டீசல் இருக்கிறதா, பில்டரில் நீர் தேங்கியிருக்கிறதா, குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிச் சோதியுங்கள். மூன்றை ஒருமித்து மாற்றினால், எது பழுது என்று கடைசிவரை விளங்காது.

பிரியமானவர்களே, வீட்டில் மனத்தாங்கல் வரும்போது இந்த ஒழுங்கை நாம் மறந்துவிடுகிறோம். தளர்ந்த முனையைத் தேடாமல் எஞ்சினையே கழற்றத் துணிகிறோம். பசியா, களைப்பா, கேட்கப்படாத ஒரு சொல்லா என்று விசாரியாமல், மனிதனின் குணத்தையே குற்றப்படுத்துகிறோம்.

மேலும், வண்டியின் பின்னால் அமர்ந்திருக்கும் கூலியாளால் பிரேக் ஆயிலைச் சோதிக்க இயலாது. ஓட்டுகிறவன் பார்த்திருப்பான் என்ற நம்பிக்கையோடு ஏறி அமர்கிறான். அந்த நம்பிக்கைக்கு உண்மையாயிருக்கும்படி விடியற்காலையில் குனிந்து பார்க்கும் கால்மணி நேரமும் பிறனிடத்தில் காட்டும் அன்பே. யாரும் அதைக் கண்டு பாராட்டமாட்டார்கள். எல்லாரும் பத்திரமாய் வீடு வந்து சேர்வார்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்தருள்வாராக. ஆமென்.