குடம் வைப்பதற்குள் ஓடிப்போன தாலாட்டு!

"அம்மா பாடின தாலாட்டை அனுப்பினேனே, இன்னும் பார்க்கலையா தம்பி?"

போனில் ஒரு வாசகி கேட்டார். வாசகர்களின் வீட்டுப் பாடல்களை எங்கள் இணையப் பக்கத்துக்காகக் கேட்டிருந்தோம். அவருடைய ஆடியோ வந்திருந்தது. ஆனால், திறக்கவே இல்லை.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. முந்தைய நாள் அப்லோடு பக்கத்தின் கோடிங்கில் கைவைத்தது நான்தான். ஆர்வத்தில் நோட்.ஜேஎஸ் கற்றுக்கொண்டு, வரும் ஃபைலின் அளவை எண்ண இரண்டு வரி சேர்த்திருந்தேன்.

டெக் டீம் அண்ணன் பார்த்தார். "குழாயைத் திறந்துவிட்டுட்டு, குடம் எடுக்க உள்ளே போயிருக்கே!" என்றார்.

நாம் அனுப்பும் ஆடியோ, சர்வருக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். வாங்கிக்கொள்ள ஆள் வரும்வரை அவை 'பஃபர்' என்ற தற்காலிகத் தொட்டியில் காத்திருக்கும். யாராவது கேட்கத் தொடங்கியதும் ஓட்டம் ஆரம்பித்துவிடும். என் இரண்டு வரி அதைத்தான் செய்தது. அனுப்பியவர் பதிவு செய்த வாசகரா என்று சரிபார்த்து, சேமிக்கும் வேலை தொடங்குவதற்குள் முதல் துண்டுகள் எண்ணப்பட்டு, அப்படியே தொலைந்துபோயின. இது என்ன வகை ஃபைல் என்ற விவரம் பெரும்பாலும் அந்த ஆரம்பத்தில்தான் இருக்கும். அது போனால் ப்ளேயருக்கு ஒன்றும் புரியாது.

தீர்வு, சரிபார்த்து முடியும்வரை ஓட்டத்தை நிறுத்திவைக்கும் 'பாஸ்' கட்டளை. முடிந்ததும் 'ரெஸ்யூம்'. 2013-ல் வந்த 0.10 பதிப்புக்கு முன்பு 'பாஸ்' என்பது வெறும் வேண்டுகோள்தானாம். நிறுத்தச் சொன்ன பிறகும் துண்டுகள் வரலாம். இப்போது சொன்னால் நிற்கிறது. தொட்டிக்கும் அளவு உண்டு. 22-ஆம் பதிப்பிலிருந்து வழக்கமாக 64 கேபி. அது நிரம்பினால் சர்வர் வாங்குவதை நிறுத்தும். அனுப்பும் போனும் காத்திருக்கும்.

சரிசெய்துவிட்டு அந்த வாசகியை அழைத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"அம்மா இப்போ இல்லை தம்பி. நல்லவேளை, என் போன்ல இருக்கு. திரும்ப அனுப்புறேன்" என்றார்.

இந்த முறை முழுசாக வந்தது. ஹெட்செட் மாட்டிக் கேட்டேன். பாடுவதற்கு முன்பு அந்த அம்மா மகளிடம் கேட்கிறார்: "ஆரம்பிக்கலாமா?"

நானும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.