டையை விட்டு வந்த பிறகு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால், பிரஸ் ஓடும் சத்தம் கேட்காத தூரம் குறைவு. 1999இல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான் உருளத் தொடங்கியது. 2007இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் வந்தன. தகட்டை வெட்டுவதும் வளைப்பதும் இழுப்பதும் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களின் பிழைப்பாகிவிட்டது. இங்கே ஒரு புது ஜாபுக்கு டை முடிவு செய்ய உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றும். டி2 ஸ்டீலா, கார்பைடா? எத்தனை மைக்ரானுக்குள் அளவு பிடிக்கும்? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் தட்டைத் தகட்டைக் கிண்ணமாகவோ குழலாகவோ இழுக்கும் வேலையில் இவற்றுக்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி: டையை விட்டு வெளியே வந்த பிறகு அந்த உலோகத்துக்குள் என்ன தங்கியிருக்கிறது? கிரேடும் டாலரன்ஸும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு முடிவாக வேண்டியவை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை 50 மி.மீ. கிண்ணமாக இழுக்கிறோம். தகட்டின் ஓரத்தின் சுற்றளவு 314 மி.மீ. கிண்ணத்தின் வாயாக மாறும்போது அது 157க்கு வந்தாக வேண்டும். அத்தனை உலோகமும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, கொஞ்சம் நீளமாகவும் கொஞ்சம் தடிமனாகவும் மாறுகிறது. அதனால்தான் கிண்ணத்தின் வாய்ப்பக்கம் தகட்டைவிடத் தடித்தும், பஞ்ச்சின் மூக்கு அழுத்திய இடம் மெலிந்தும் இருக்கும். இதற்கு மேல், டையின் ரேடியஸைக் கடக்கும்போது தகடு ஒருமுறை வளைகிறது, கடந்ததும் மறுபடி நிமிர்கிறது. வளைந்து நிமிர்ந்த தகட்டின் இரண்டு முகங்களும் ஒரே நிலைக்குத் திரும்புவதில்லை. வெளிமுகத்தில் இழுவிசை தங்கிவிடும், உள்முகத்தில் அமுக்கவிசை தங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் கிண்ணம் அசையாமல் இருப்பதுபோலத் தெரிகிறது. கேஜில் வைத்தால் ‘கோ’ போகும், ‘நோ-கோ’ நிற்கும். ஜாப் பாஸ்.

அந்த அசையாத தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் சேமித்து வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டன. யாரும் சுடவில்லை, தட்டவில்லை. மழைக்காலத்தோடு சேர்ந்து வந்ததால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை டைகளில் பல கட்டமாக இழுத்துச் செய்த கூடுகள் அவை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். குதிரை லாயத்திலிருந்து வரும் அம்மோனியா, ஈரக்காற்று, டை விட்டுவைத்த உள்விசை ஆகியவை கூடியபோதுதான் பித்தளை பிளந்தது. கூட்டைச் சுமார் 300 டிகிரிக்குக் கீழே மெதுவாகச் சூடாக்கி அந்த விசையைத் தணித்தால் கடினம் பெரிதாகக் குறையாது, வெடிப்பும் நிற்கும். ராணுவத் தோட்டாவின் கழுத்துப் பகுதியில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு நிழல் படிந்திருப்பதைப் படங்களில் பார்க்கலாம். கழுத்தைத் தனியாக அனீல் செய்ததன் தடம் அது. பலரும் அதைக் கறை என்று நினைக்கிறார்கள்.

பித்தளை பழைய கதை என்று ஒதுக்கினால் எவர்சில்வர் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் கூட்டிய 200 வரிசை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆழமான பாத்திரம் இழுப்பவர்களுக்குத் தாமத வெடிப்பு பழக்கமான தொல்லை. பிரஸ்ஸிலிருந்து பளபளவென்று வந்த பாத்திரம் சில மணி நேரமோ சில நாளோ கழித்து விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நேர்க்கோடாகப் பிளக்கும். இழுக்கும்போது அந்த ஸ்டீலின் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. தங்கிய விசையும் உலோகத்தில் இருக்கும் துளி ஹைட்ரஜனும் சேர்ந்து மீதி வேலையை முடிக்கின்றன. இங்கே பழியை முதலில் ஷீட் சப்ளையர்மீது போடுவது வழக்கம். ஷீட்டுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே ஷீட்டை ஒரே இழுப்பில் முழு ஆழத்துக்கும் கொண்டுபோவதா, இரண்டாகப் பிரிப்பதா என்று முடிவு செய்தது டையைத் தேர்ந்தெடுத்தவர்தான்.

எதிர்வாதங்களில் முதலாவது நியாயமானது. வாங்குபவர் அளவைத்தான் பார்க்கிறார், உள்விசையை யார் அளக்கிறார்கள்? உண்மைதான், டிராயிங்கில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் இழுத்த கிண்ணம் இழுத்தபடியே காருக்குப் போவதில்லை. விளிம்பை டிரிம் செய்கிறோம், பக்கத்தில் துளை போடுகிறோம், பிராக்கெட் வெல்ட் செய்கிறோம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த விசைகளில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்ததும் மறுபக்கம் தன் போக்கில் நகர்கிறது. வட்டம் முட்டையாகிறது. முதல் ஸ்டேஜில் மைக்ரான் கணக்கில் பிடித்த அளவு, மூன்றாவது ஸ்டேஜில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் கைவிட்டுப் போகிறது. பிறகு ரீ-ஸ்ட்ரைக் டை ஒன்று போட்டு அடித்து நிமிர்த்தப் பார்க்கிறோம். இதில் அளவுக்கே எதிரி அளவை மட்டும் பார்த்து எடுத்த டை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அப்படியென்றால் உலோகத்தை முடிந்தவரை தொடாமல் விடுவதுதான் நல்லதா? இல்லை. துல்லிய ரைஃபிள் போட்டிக்காரர்களின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். வெளிநாடுகளில் அவர்கள் சுட்ட பித்தளைக் கூட்டையே சைசிங் டையில் அமுக்கி மறுபடி நிரப்புகிறார்கள். சாதாரண டை கழுத்தைத் தேவைக்கு மேல் சுருக்கி, பிறகு உள்ளே ஒரு உருண்டையை இழுத்து விரிக்கும். இப்படி ஒவ்வொரு முறையும் சுருங்கி விரிவதால் கழுத்து இறுகி, குண்டைப் பிடிக்கும் பிடி கூட்டுக்குக் கூடு மாறி, கடைசியில் பிளக்கும். இதற்கு மாற்றாகக் கழுத்தை மட்டும் தொடும் டைகளைப் பலர் எடுத்தார்கள். சில சுற்றுக்குப் பின் தோளும் உடலும் உப்பி, கூடு ரைஃபிளின் அறைக்குள் சரியாகப் போகவில்லை. இப்போது பலரும் வந்து நிற்கும் இடம் வேறு. கூடு முழுவதையும் டை தொடும், ஆனால் தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, அதாவது 0.025 முதல் 0.05 மி.மீ. வரை மட்டுமே பின்தள்ளும். கழுத்துக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் கிடைக்கும் மாற்று வளையங்களில் பொருத்தமானதைப் போடுவார்கள். எங்கும் தொடுவது, எங்கும் மிகையாகத் தொடாதது.

நம் டிரா டைக்கும் இதே நியாயம் பொருந்தும். சுவரை லேசாகத் தேய்த்து மெலிய வைக்கும் அயர்னிங் கட்டம் ஒன்றைக் கடைசியில் சேர்த்தால், உலோகத்துக்குக் கூடுதல் வேலை கொடுத்தும் உள்விசை குறைகிறது. சுவரின் முழுத் தடிமனும் ஒன்றாக நீள்வதால், வெளிமுகத்துக்கும் உள்முகத்துக்கும் இருந்த பேதம் தணிகிறது. ஆகவே மென்மையான டை, கடுமையான டை என்று பிரித்துப் பேசுவதில் பயனில்லை. முதல் இழுப்பில் விட்டத்தைப் பாதிக்கு மேல் குறைக்காதது, அடுத்த இழுப்புகளில் அதைவிட மிகவும் குறைவாக வைப்பது, ரேடியஸைத் தகட்டுத் தடிமனைப்போல் நான்கு முதல் எட்டு மடங்குக்குள் வைத்து ட்ரையலில் திருத்துவது, தடித்து வரும் வாய்ப்பகுதிக்குக் கிளியரன்ஸில் இடம் விடுவது என்பவை எல்லாம் கைப்புத்தகத்தில் இருப்பவைதான். டையைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கேட்கிறோமா என்பதே விஷயம். ட்ரையல் பீஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுவரின் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கண்ணாடிபோல் மின்னி, கீழே மங்கலாக இருந்தால், தடித்த வாய் கிளியரன்ஸில் சிக்கித் தேய்ந்திருக்கிறது. மேலே அயர்னிங் ஆகியிருக்கிறது, கீழே ஆகவில்லை. ஒரே சுவரில் இரண்டு விதமான உலோகம். நெடுகக் கீறல் கோடுகள் தெரிந்தால் டையின் பாலிஷ் போதவில்லை, அல்லது உலோகம் டையில் ஒட்டத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது, காசு. ஃபோர்டு 2022 ஜூலையில் இங்கே உற்பத்தியை நிறுத்தியதைப் பார்த்த பகுதி இது. ஒரு மாடலை நம்பி லட்சக்கணக்கான அடிக்குக் கணக்குப் போட்டு டை செய்தவர் யோசிக்கத்தான் செய்வார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது கார்பைடுக்கு எதிரான வாதமே ஒழிய, நான் கேட்பதற்கு எதிரான வாதமில்லை. எத்தனை பீஸ் ஓடும் என்பதைப் பொறுத்து ஸ்டீலைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த ஓட்டத்துக்கு 58 முதல் 60 ராக்வெல் வரை கடினப்படுத்திய டி2 இன்செர்ட் தாராளமாகப் போதும். ரேடியஸைச் சரியாகப் போடவும், இழுக்கும் திசையிலேயே பாலிஷ் செய்யவும் பெரிய முதலீடு வேண்டாம், ஃபிட்டரின் கையும் நேரமும் வேண்டும். கூடுதல் ஸ்டேஜ் மட்டும் உண்மையிலேயே செலவு. அதைத் தவிர்க்கலாமா என்று ஊகத்தில் முடிவெடுப்பதுதான் தவறு.

ஊகம் தேவையில்லாத அளவுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ட்ரையல் கிண்ணத்தின் சுவரிலிருந்து விளிம்புக்குக் கீழே 10 மி.மீ. அகல வளையம் ஒன்றை வெட்டுங்கள். விட்டத்தைக் குறித்துக்கொண்டு, வளையத்தின் ஓரிடத்தில் ஒயர்-கட்டில் பிளவு போடுங்கள். உள்ளே விசை இல்லையென்றால் வளையம் அப்படியே நிற்கும். இருந்தால் வாய் பிளந்து திறக்கும், எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு விசை. இரண்டு டூல் மேக்கர்கள் ஒரே அளவில், ஒரே ஷீட்டில் கொடுத்த கிண்ணங்களை இப்படி வெட்டி அருகருகே வைத்தால், கேஜ் சொல்லாத வித்தியாசம் வெர்னியரில் தெரிந்துவிடும். மீதிக் கிண்ணங்களை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் விளிம்பை லென்ஸில் பார்க்க வேண்டும். டைக்கான பர்ச்சேஸ் ஆர்டரில் ஸ்டீல் கிரேடுக்கும் கடினத்துக்கும் கீழே, வளையம் எத்தனை மில்லிமீட்டர் வரை திறக்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்ததும், ஒரே இழுப்பில் முடித்துவிடலாம் என்று கொட்டேஷன் கொடுத்தவர் ஸ்டேஜ் பிளானை மறுபடி எடுத்துப் பார்ப்பார்.