பூனைக்குச் சர்க்கரை!

சிரிக்காதீர்கள், நேயர்களே! கம்பைநல்லூரில் என் அத்தை வளர்க்கும் பூனைக்குச் சர்க்கரை வியாதி.

சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது, குண்டுப் பூனை எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. சட்டி சட்டியாய்த் தண்ணீர் குடித்தது, வீட்டையெல்லாம் நனைத்தது. கால்நடை டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். "பன்னிரண்டு மணிக்கொரு தரம் இன்சுலின் ஊசி. பால் சோறு வேண்டாம், மீனும் கோழியும் போடுங்கள்" என்றார்.

அத்தை ஊசி போடக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் காலை பூனை மீனைத் தொடவில்லை. அத்தையோ வழக்கம்போல் ஊசி போட்டுவிட்டாள். நண்பகலுக்குள் அது தள்ளாடிச் சுருண்டு விழுந்தது! ஈறில் தேனைத் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓடினோம். பிழைத்தது. "சாப்பிடாவிட்டால் என்னைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள்" என்றார் அவர்.

1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் சோதித்துக் கண்ட மருந்து இது. மிருகங்களால் மனிதன் பிழைத்தான். அந்தக் கடனைத்தான் அத்தை தீர்க்கிறாள்!

ஒன்றைச் சொல்ல மறந்தேனே! அத்தைக்கும் பத்து வருஷமாய்ச் சர்க்கரை. மாத்திரையை வேளைக்கு விழுங்கியதே இல்லை. இப்போது காலை ஏழுக்குப் பூனைக்கு ஊசி; கையோடு அத்தைக்கு மாத்திரை.

"நான் படுத்துவிட்டால் இதற்கு யாரடா ஊசி போடுவது?" என்கிறாள்.