குமாயுன் மலையின் நண்பர்

புலி வேட்டைக்காரர் என்றவுடன் நம் மனக்கண் முன் ஒரு படம் தோன்றும். செத்த புலியின் மீது காலை ஊன்றி, கையில் துப்பாக்கியுடன் கம்பீரமாக நிற்கும் துரையின் படம் அது. ஜிம் கார்பெட்டையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறவர்கள் பலர். அவர் புலிகளைச் சுட்டவர் என்பது வாஸ்தவமே. ஆயினும் அவருடைய வாழ்க்கையை முழுதும் நோக்கினால், அதில் துப்பாக்கியைவிட மனிதர்களுக்கே அதிக இடம் என்பது விளங்கும்.

அவர் 1875-ம் வருஷம் நைனிடாலில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர்த் தபாலாபீஸ் தலைவர். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையடிவாரத்திலுள்ள காலாடுங்கிக்கு இறங்கிவிடும். அங்கேதான் சிறுவன் ஜிம் காட்டைக் கற்றான். மணலில் பதிந்த அடிச்சுவடு எப்பொழுது பதிந்தது, மான் எதைக் கண்டு கத்துகிறது, குரங்கு ஏன் எச்சரிக்கிறது என்பவையே அவனுடைய பாலபாடம்.

பிற்பாடு கங்கைக் கரையில் மொகாமே காட் என்னுமிடத்தில், ரெயில்வேச் சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலையை ஒப்பந்தமாக எடுத்து, இருபது வருஷங்களுக்கு மேல் நடத்தினார். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணுடன் சேர்ந்து, தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஜாதி குறுக்கே நின்றது. உயர்ந்த ஜாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே குடிசைக்குள் உட்காரலாகாது. ஆனால் திறந்த கொட்டகையின் கீழ் உட்காருவதில் தோஷமில்லையாம்! உடனே குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார்கள், பாடம் நடந்தது. உபாத்தியாயர் தொழிலில் காலம் கழித்துவரும் நமக்கு, எத்தனையோ மேடைப் பிரசங்கங்களைவிட அந்தச் சுவரில்லாப் பள்ளிக்கூடமே மேலாகத் தோன்றுகிறது.

முதல் மகாயுத்தத்தின்போது, 1917-ல், குமாயுன் மலைவாசிகள் 500 பேர் அடங்கிய தொழிற்படை ஒன்றை அவர் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். கடலையே கண்டிராத ஏழைக் குடியானவர்கள் அவர்கள். பனியிலும் குளிரிலும் அவர்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்து, ஒருவர் நீங்கலாக மற்ற அனைவரையும் உயிருடன் திருப்பிக் கொணர்ந்தார். இரண்டாவது யுத்தத்தில், எழுபது வயதை நெருங்கிய நிலையில், பர்மாப் போர்முனைக்குச் செல்லும் சிப்பாய்களுக்குக் காட்டில் உயிர்பிழைக்கும் வழிகளைக் கற்பித்தார். யுத்தத்தில் எத்தனை பேரைக் கொன்றான் என்று வீரனை அளப்பது உலக வழக்கம். எத்தனை பேரை வீடு சேர்த்தான் என்று அளப்பதானால், கார்பெட் பெரிய வீரர்.

வேட்டையிலும் இதே நோக்கந்தான். சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. அதை 1907-ல் அவர் சுட்டார். அதற்கு முன் சர்க்காரிடம் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அறிவித்திருந்த பரிசை ரத்துசெய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பியழைக்க வேண்டும். பரிசுக்காகக் கொல்பவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம். வயது ஏற ஏறத் துப்பாக்கியைக் குறைத்து, சினிமாப் படக்கருவியைக் கையில் எடுத்தார். புலியின் வீரத்தையும் பெருந்தன்மையையும் புகழ்ந்து எழுதினார். காலாடுங்கியை அடுத்த சோட்டி ஹல்த்வானி கிராமத்தை வாங்கிக் குடிகளை அமர்த்தினார். பன்றியும் மானும் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். காட்டையும் கழனியையும் ஒருங்கே காக்க இதைவிட எளிய வழி ஏது?

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிவந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் ஜனங்களை அவ்வளவு நேசித்தவர், சுதந்திரம் வந்த வருஷமே ஏன் போய்விட்டார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. 1947 நவம்பரில் கார்பெட்டும் அவருடைய சகோதரி மாகியும் கென்யாவுக்குப் போய்விட்டார்கள். ஆளும் ஜாதியில் பிறந்தவர் அவர். நம்முடைய விடுதலைப் போரில் அவருக்குப் பங்கில்லை. புதிய இந்தியாவில் தம்மைப் போன்றவர்களுக்கு இடமிராது என்று அஞ்சினார். அந்த அச்சம் வீண் என்பது நம் கருத்து. ஆனால் போகும்போது அவர் மனம் இங்கேயே தங்கிவிட்டது. கிராமத்து நிலங்கள் குடியானவர்களுக்கே சேர்ந்தன. 1952-ல், அந்தத் தூர தேசத்திலிருந்து 'என் இந்தியா' என்ற நூலை எழுதினார். அதில் ராஜாக்கள் இல்லை, லாட்டுகள் இல்லை. இந்நாட்டின் ஏழைகளே நிறைந்திருக்கிறார்கள். 1955 ஏப்ரலில் அவர் அங்கேயே காலமானார்.

மாணவனுக்கு நாம் சொன்ன பதில் ஒரு சரித்திரச் செய்திதான். 1936-ல் குமாயுன் அடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசிய வனம் ஏற்பட்டது. அதற்காக உழைத்தவர்களுள் கார்பெட்டும் ஒருவர். கவர்னராக இருந்த ஹெய்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சுதந்திரம் வந்தபின் அந்தப் பெயரை நீக்கினார்கள். 1957-ல் நம்மவர்களே அதற்குக் கார்பெட்டின் பெயரை வைத்தார்கள். அதிகாரத்தால் வந்த பெயர் அதிகாரத்தோடு போயிற்று. அன்பினால் வந்த பெயர் நின்றது. 1973-ல் புலிகளைக் காக்கும் பெருந்திட்டம் தொடங்கியதும் அந்த வனத்திலேதான்.