ஜரிகையின் எடை

யாழை முறிக்கப் போன யாழ்ப்பாணரைச் சம்பந்தர் தடுத்த தலமாம், காரைக்காலை ஒட்டிய எங்கள் தருமபுரம். அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் எதையும் லேசில் தொலைப்பதில்லை. முன்பெல்லாம் பாத்திரக்காரி வருவாள். நாலு புடவைக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. இப்போது கைபேசியில் படம் போட்டால் போதும். மருமகள் பழைய நாற்காலியை ஒரே நாளில் விற்றுவிட்டாள்!

அடுத்தது, பிரெஞ்சுக் கொடி இறங்கிய 1954-இல் அம்மா உடுத்திய கூறைப்புடவை.

"நிறையப் பேர் கேட்கிறாங்க, மாமா."

கேட்டவர்கள் யாரும் நிறத்தை விசாரிக்கவில்லை. ஜரிகை அசலா, எடை எத்தனை என்றார்கள். உடுத்த அல்ல, எரிக்க! பட்டிழையில் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது அந்தக் காலத்து ஜரிகை; பட்டு சாம்பலாகும், வெள்ளி தங்கும். பாத்திரக்காரி வாங்கியதும் அதற்குத்தான் என்கிறாள் மருமகள். இருக்கலாம். அவள் நம்மிடம் சொன்னதில்லை.

விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னேன். நாற்காலிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை.